குற்றாலச் சாரலும் குறிஞ்சான் இலையும்

தென்காசிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது குற்றாலம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வந்து சாரலாய்ப் பொழியும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடக் கடையநல்லூர், மேலப்பாளையம் முதலிய ஊர்களிலிருந்து நம் குடும்பங்களும் திரளாக வருவதுண்டு.

குளித்துத் திரும்புவோரைச் சாலையோரக் கடைகள் வரவேற்கின்றன. மங்குஸ்தான், ரம்புட்டான், நெய் மணக்கும் அல்வா. இவற்றினிடையே மூலிகைப் பொடிகளும் விலைக்கு இருக்கின்றன. நீரிழிவு உடையோர் கேட்டு வாங்குவது சிறுகுறிஞ்சான். ‘சர்க்கரைக்கொல்லி’ என்றும் அதற்குப் பெயர் உண்டு.

மரங்களைப் பற்றிப் படரும் கொடி இது. இதன் பச்சிலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் தடுத்துவிடுகின்றன. படைத்தவனின் வல்லமையை எண்ணி வியக்க வைக்கும் இலை!

ஆயினும் நாவில் இனிப்பு மறைவது வேறு. இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. முன்னதைக் கண்டு பின்னதை நம்பிவிடலாகாது.

பின்னதையும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். சென்னை ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை உண்டுவந்த 22 நோயாளிகளுக்கு இவ்விலைச் சாற்றிலிருந்து செய்த மருந்தை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தனர். இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. எஞ்சிய 17 பேருக்கு மாத்திரை தேவையாகவே இருந்தது. சிறிய ஆய்வு, நம்பிக்கை தருவது, முடிவாகச் சொல்லப் போதாதது. அன்றியும், அளந்து செய்த சாறும் கடைப்பொடியும் ஒன்றல்ல.

ஆகவே, இதை வாங்கிச் செல்லும் சகோதர சகோதரிகள் இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்திவிட வேண்டாம். இரண்டையும் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரலாம். ரமளான் நோன்பு நாட்களில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி. மருத்துவரிடம் சொல்லி, இரத்தத்தைச் சோதித்து, அவர் சொற்படி நடப்பதே முறை.

நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் அருளியிருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தை அறிந்து, அளவோடு கொள்வது நம் கடமை. எல்லாம் வல்ல அல்லாஹ் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக!