பாலாற்றுக்காரர்களின் பரிசல் பயணம்

சனி, ஞாயிறு தறிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஐயம்பேட்டை நண்பர்கள் ஒகேனக்கல் போனோம். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது அதைப் பார்க்கவே கரையில் கூட்டம் திரண்டது. அப்படிப்பட்டவர்களுக்குக் காவிரி என்றால் சும்மாவா!

ஏறும் முன்பே நெசவுக்கார நண்பன் பரிசலின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். மூங்கில் பிளாச்சுகள் பாவும் ஊடையுமாகப் பின்னிக் கிடந்தன. "முன்னே மாட்டுத்தோல் போர்த்துவோம், இப்போ பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும்தான்" என்றார் பரிசல்கார அண்ணன். கையில் ஒரே துடுப்பு. முன்பக்கம் நீரை இழுத்து இழுத்தே அந்த வட்டத்தை நேராக நடத்துகிறார். என்ன கைப்பழக்கம்! கூலிக்கு மேல் மரியாதையும் தரவேண்டிய தொழில் இது.

ஆற்றோரம் கூடாரம் போட ஆசைதான். யானை நடமாடும் காடு என்பதால் விடுதியில் தங்கினோம். பொரித்த மீனும் பழங்கதையுமாக இரவு போனதே தெரியவில்லை.

ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைய நிலவரம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறாதீர்கள்.