தெரிந்த கரை

ஆண்டுதோறும் எம் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் பலர், வேலை தேடியும் மேற்படிப்பை நாடியும் சென்னைக்குச் செல்கின்றனர். புறப்படுமுன் சிலர் எம்மிடம் வந்து, “ஐயா, எழும்பூரில் இறங்கியபின் எப்படிப் போவது?” என்று வினவுவர். இலக்கணத்தில் ஐயம் கேட்கத் தயங்கிய மாணவரும் இக்கேள்வியைத் தயங்காது கேட்பர். பேருந்தையும் மின்வண்டியையும் சொல்லி அனுப்புவோம். எனினும் அவ்வாறு விடை கூறும்போதெல்லாம் எம் வாப்பாவின் முகம் கண்முன் தோன்றும். பெருநகரில் வழி காணும் கலையை எமக்குக் கற்பித்தவர் அவரே. அவரோ சென்னையை அறியாதவர்.

வாப்பா தூத்துக்குடித் தோணியில் சுக்கான் பிடித்தவர். வெங்காயமும் கூரையோடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சென்ற தோணிகளில் அவருடைய இளமை கழிந்தது. பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். அரபு எழுத்தில் தமிழ் வாசிப்பார், எண்களை அறிவார், விண்மீன்களை அறிவார். ஊர் திரும்புகையில் கரை அணுகியதும் பனிமய மாதா ஆலயத்தின் கூம்பு, பள்ளிவாசலின் மினாரா, திருச்செந்தூர்க் கோபுரம், பிற்காலத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஆகியவற்றைக் கொண்டு தோணி நிற்குமிடத்தைக் கணித்துவிடுவார். இரண்டு கரையடையாளங்கள் கண்ணில் பட்டால் போதும், மூன்றாவதாகிய தன் இடம் தானே விளங்கும் என்பது அவர் கணக்கு. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு எம் கரையில் நின்றுபோயிற்று. அதற்கு முன்பு, நீருக்கடியில் மறைந்து கிடந்த முத்துப் பார்களையும் இப்படிக் கரையைப் பார்த்தே கண்டறிந்தனர் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

எம் கரையோரத்து மூத்தோருக்குப் பட்டணம் என்றால் பெரும்பாலும் கொழும்புதான். இத்தனைக்கும் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது 1876-ஆம் ஆண்டிலேயே. சென்னையிலிருந்து வந்த ‘போட் மெயில்’ பயணிகள் இங்கு இறங்கிக் கப்பலேறிக் கொழும்பு சென்றனர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழி தனுஷ்கோடிக்கு மாறிற்று. அக்கடல்வழியில் வெள்ளையர் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்தே வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பெருந்தொகைக்குப் பங்குகள் வாங்கி அவருக்குத் துணைநின்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். பொதுமக்கள் ஏறிச் செல்லும் ஊர்தி பொதுமக்களுக்கு உரியதாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எம் ஊருக்குப் புதியதன்று.

2003-ஆம் ஆண்டில் வாப்பாவுக்கு நெஞ்சில் நோவு கண்டது. சென்னை தியாகராய நகரிலுள்ள மருத்துவர் ஒருவரிடம் காட்டுமாறு உறவினர் கூறினர். முத்துநகர் விரைவு வண்டியில் ஓரிரவு பயணம் செய்து, காலையில் எழும்பூரில் இறங்கினோம். மண்ணடியில் வணிகம் செய்துவந்த மாமா வீட்டில் தங்கல். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தை எண்ணி வாப்பா மனம் வருந்தியதால், மறுநாள் மின்வண்டியிலேயே மாம்பலம் செல்வதென முடிவு செய்தோம்.

கடற்கரை நிலையத்தை அடைந்ததும் அவர் முகம் மலர்ந்தது. சாலைக்கு அப்பால் துறைமுகம்; பளுதூக்கிகள் வானில் நீண்டிருந்தன. “துறைமுகத்துக்கு எதிரேயே வண்டி நிலையமா! நம்ம ஊர் மாதிரி இருக்கே” என்றார். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் செல்லும் அப்பாதையில் 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார வண்டி ஓடுகிறது என்று சொன்னோம். அவர் கேட்டது வேறொன்று. நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று ஒப்பித்தோம். விரல்விட்டு எண்ணிக்கொண்டார். “எழும்பூர் மூணாவது. நாம இறங்கின கரை அதுதானே?” என்றார். ஆமென்றோம். அக்கேள்வியின் பொருள் அப்போது எமக்கு விளங்கவில்லை.

வண்டி நின்றுகொண்டிருந்தது. வாப்பாவை ஏற்றி அமரவைத்த பின்னரே மருத்துவக் கோப்பைப் பயணச்சீட்டு வாங்கிய இடத்திலேயே வைத்துவிட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. “இங்கேயே இருங்கள், இதோ வந்துவிடுகிறோம்” என்று சொல்லி ஓடினோம். கோப்பு கிடைத்தது, திரும்பி ஓடிவருகையில் வண்டி நகரத் தொடங்கியிருந்தது. சன்னல் கம்பிக்குப் பின்னே அவருடைய வெண்தொப்பி மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. இருவர் பயணச்சீட்டும் எம் சட்டைப்பையில், பணமும் எம்மிடம். அவரிடம் கைப்பேசியும் இல்லை. மாமா வீட்டு முகவரி எழுதிய தாளும் இல்லை. நெஞ்சு நோவுடையவரை, அவர் முன்பின் அறியாத பெருநகரத்தில், யாமே தொலைத்துவிட்டு நின்றோம்.

அடுத்த வண்டியில் ஏறினோம். மாம்பலம் செல்வதென்று பேசியிருந்தோமல்லவா, அங்கேதான் இறங்கியிருப்பார் என எண்ணினோம். வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தும், காலை நேரக் கூட்டத்தில் கண் எட்டவில்லை. மாம்பலத்தில் ஒரு மணி நேரம் மேடையின் இருமுனைக்கும் நடந்தோம். வந்து நின்ற ஒவ்வொரு வண்டியும் நூற்றுக்கணக்கானோரை இறக்கிச் சென்றது; அவருள் வாப்பா இல்லை. உம்மாவுக்கு என்ன விடை சொல்வோம் என்னும் எண்ணம் எழுந்தபோது கால்கள் நடுங்கின. பின்னர் திரும்பும் வண்டியில் ஏறி, நிலையந்தோறும் இறங்கித் தேடலானோம். கோடம்பாக்கத்தில் இல்லை, நுங்கம்பாக்கத்தில் இல்லை, சேத்துப்பட்டிலும் இல்லை. எழும்பூரில் இறங்கி மேம்பாலத்தைக் கடந்து எதிர்மேடைக்கு ஓடினோம். அங்கே ஒரு தூணருகே, பலகை இருக்கையில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தார். அருகில் ஒரு குவளைத் தண்ணீர்.

எம்மைக் கண்டதும் அவர் எழவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. “ஏன் வாப்பா இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடிவாற? உட்காரு” என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு, “நீங்கள் மாம்பலத்தில் இருப்பீர்கள் என்று நினைத்தோம்” என்றோம். அவர் சொன்ன மறுமொழி இன்றும் செவியில் ஒலிக்கிறது: “மாம்பலம் நான் பார்க்காத கரை. இது நாம வந்து இறங்கின கரை. மூட்டத்திலே ஓடுற தோணியை யார் தேடிப் பிடிக்க முடியும்? தெரிஞ்ச இடத்திலே நங்கூரம் போட்டு நின்னாத்தான் தேடி வாறவன் கண்ணிலே படும்.”

மூன்றாவது நிலையம் என்று விரல்விட்டு எண்ணிவைத்தது அவரைக் காத்தது. இறங்கியவுடன், பயணச்சீட்டு மகனிடம் உள்ளது என்பதை நிலையத்துப் பணியாளர் ஒருவரிடம் தாமாகவே சென்று சொல்லியிருக்கிறார். அந்தப் பணியாளர் அவரை அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, “மகன் வரும்வரை இந்த இடத்தை விட்டு நகராதீங்க பெரியவரே” என்று கூறி, இடையிடையே வந்து பார்த்தும் சென்றாராம். அவர் பெயரைக் கேட்டறியாமல் வந்தது இன்றுவரை எமக்குக் குறையே. அன்று மருத்துவரைக் காண இயலவில்லை. மறுநாள் அதே கடற்கரை நிலையத்தில், கோப்பை வாப்பாவே மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். மருந்தாலும் இறையருளாலும் அவர் நலமுற்று ஊர் திரும்பினார்.

அதன்பின் சென்னை எவ்வளவோ மாறிற்று. இந்தியாவிலேயே முதன்முதலாக 1895-இல் மின்சார டிராம் ஓடிய நகரம் அது. அந்த டிராம் 1953-இல் நின்றுபோயிற்று. 1972-இல் உருவான பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1997-இல் மாநகர் போக்குவரத்துக் கழகமாயிற்று. தாம்பரம் பாதையில் ஓடிய மீட்டர் பாதை மின்வண்டிகள் 2004-இல் விடைபெற்றன. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கிய பறக்கும் இரயில், 2007-இல் வேளச்சேரியை எட்டிற்று. அதன் நிலையங்கள் உயரத்தில் அமைந்தவை. முழங்கால் தேய்ந்த முதியோர்க்கு அப்படிகள் ஒரு மலை. ஒருமுறை வாப்பா முதற்படியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, “பாய்மரம் ஏறுற வயசு போயிட்டே” என்று சிரித்தார். அன்று பேருந்தில் சென்றோம்.

2015-இல் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கி, 2019 பிப்ரவரியில் மண்ணடிக்கும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மாமா வீட்டுத் திருமணத்திற்கு வாப்பாவை அழைத்துச் சென்றோம். எழும்பூரில் இறங்கி மெட்ரோவில் சென்டிரல் சென்று, அங்கே வேறு வண்டிக்கு மாறி மண்ணடி செல்ல வேண்டும். மின்தூக்கி இருந்தமையால் படியேறும் துன்பம் இல்லை. பளிங்குபோல் தூய்மை, குளிர்ச்சி. ஆயினும் அவர் முகத்தில் கலக்கம் கண்டு காரணம் வினவினோம். “இங்கே வானமும் தெரியலை, கடலும் தெரியலை. எதைப் பார்த்துத் திசை சொல்றது?” என்றார். சுவரிலுள்ள பலகைகளைக் காட்டினோம். அவற்றைப் படிக்க அவரால் இயலாது என்பதை, காட்டிய பின்னரே உணர்ந்தோம்.

சென்டிரலில் யாம் பயணச்சீட்டைப் பற்றி விசாரிக்கச் சற்று விலகிய வேளையில், வாப்பா பழைய வழக்கப்படி அருகில் நின்ற இளைஞர் ஒருவரிடம், “மண்ணடி எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்டார். இளைஞரின் காதுகளில் பாட்டுக் கேட்கும் கருவி. இரண்டாம் முறை கேட்டபோது அவர் தம் கைப்பேசியின் வரைபடத்தை முதியவரின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்தார். தீய எண்ணம் ஏதும் அவருக்கு இருந்ததாகச் சொல்லமாட்டோம். தமக்குப் போதுமான விடை பிறர்க்கும் போதும் என எண்ணினார், அவ்வளவே. அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “வாங்க பெரியவரே, நான் காட்டுறேன்” என்று மின்தூக்கி வரை உடன் நடந்து வந்தார். 2003-இல் எழும்பூரில் தண்ணீர் கொடுத்த அந்தப் பணியாளரே மீண்டும் வந்து நின்றது போல் எமக்குத் தோன்றிற்று.

அன்று யாம் கற்ற பாடம் இதுவே. தண்டவாளமும் மின்கம்பியும் சுரங்கமும் சேர்ந்தால் போக்குவரத்து உண்டாகும். வழி தெரியாதவர் கேட்கும்போது நின்று விடை சொல்பவர் ஒருவர் இருந்தால்தான் அது பொதுப் போக்குவரத்தாகும். எழுத்தறியாதவரும் கால் தளர்ந்தவரும் கையில் காசு குறைந்தவரும் அஞ்சாமல் ஏறி இறங்க வல்ல ஊரே பெருநகரம். அரசும் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்துள்ளது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. 2024-இல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025-இல் பேருந்து, மின்வண்டி, மெட்ரோ மூன்றிற்கும் ஒரே பயணச்சீட்டு வழங்கும் கைப்பேசிச் செயலியும் வந்தது. வரவேற்கத்தக்கவையே. ஆயினும் செயலியை இயக்கத் தெரியாத வாப்பாக்களும் உம்மாக்களும் எம் கரையிலிருந்து இன்றும் மருத்துவத்திற்காகச் சென்னைக்குச் சென்றுகொண்டிருக்கின்றனர். அவர்களுக்கு அருகில் நிற்கும் மனிதரே செயலி.

வாப்பா இறையடி சேர்ந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. இப்போது மாணவர் எம்மிடம் வழி கேட்கும்போது, நிலையங்களின் பெயர்களோடு மூன்று செய்திகளையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறோம். முதலாவது: சென்று இறங்கும் நிலையத்தை நன்றாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், வழி தவறினால் திரும்பிவர வேண்டிய கரை அதுவே. இரண்டாவது: முதியோரையோ சிறுவரையோ உடன் அழைத்துச் சென்றால், பிரிய நேர்ந்தால் எங்கே நிற்பது என்பதை வண்டி ஏறுமுன்பே பேசி வையுங்கள், முகவரியும் சிறிது பணமும் அவர்கள் கையிலும் இருக்கட்டும். இவ்விரண்டும் வாப்பா கடலிலிருந்து கொண்டு வந்தவை.

மூன்றாவது எம்முடையது. அந்நகரில் சில திங்கள் வாழ்ந்து வழியெல்லாம் பழகியபின், ஒருநாள் மேடையில் ஒரு முதியவர் உங்களை நெருங்கி ஏதோ கேட்க வாயெடுப்பார். அவருடைய பேச்சில் நம் கரையின் சாயல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காதிலுள்ள கருவியைக் கழற்றிவிட்டு, அவர் கேட்பதை முழுமையாகக் கேளுங்கள். வண்டி ஒன்று தவறினால் இன்னொன்று வரும்.