காற்று ஊரில் வண்ணம் தேடும் காகிதம்

தைவான் தலைநகர் தைபேயில் அதிவேக ரயில் ஏறினால், அரை மணி நேரத்தில் ஷின்ச்சு வந்துவிடும். இறங்கியதும் தலையில் தொப்பி இருந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவக்காற்று ஊரையே உலுக்கி எடுக்கும். தைவான்காரர்கள் இந்த ஊருக்கு வைத்திருக்கும் செல்லப்பெயரே ‘காற்று நகரம்’தான்.

உள்ளூர்க்காரர்கள் இந்தக் காற்றை வீணாக்கியதில்லை. அரிசி மாவை இழை இழையாகப் பிழிந்து, தட்டுகளில் பரப்பிக் காயவைத்து விற்றே பல தலைமுறைகள் பிழைத்திருக்கின்றன. நம் இடியாப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலுள்ள ஷின்பூவில் பெர்சிமன் பழம். தோல் சீவி, வட்டத் தட்டுகளில் அடுக்கி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்துகிறார்கள். இலையுதிர் காலத்தில் முற்றம் முழுக்க ஆரஞ்சு நிறம்! கேமராவோடு கூட்டம் கூடாமல் என்ன செய்யும்?

அந்த ஆரஞ்சை அதே பளபளப்போடு மின்காகிதத் திரையில் கொண்டுவருவதுதான் இதே ஊரில் பல வருடத் தலைவலி.

ஷின்ச்சுவுக்கு இரண்டு முகங்கள். பழைய ஊரில் 1748-ல் கட்டிய நகரக் கடவுள் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள். 1913-ல் கட்டிய ரயில் நிலையம் இன்றும் ஓடுகிறது. புது ஊர் என்றால், 1980-ல் தொடங்கிய அறிவியல் பூங்கா. சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சியின் தலைமையகம் அங்கேதான். அதே பூங்காவில்தான் ‘இ இங்க்’ நிறுவனமும் இருக்கிறது. கிண்டில் போன்ற படிப்பான்களின் திரை இவர்களுடையது.

இதன் பூர்வீகம் சுவையானது. யுவென் ஃபூங் யூ என்ற தைவானின் பெரிய காகித ஆலைக் குழுமம், 1992-ல் ஒரு திரை நிறுவனத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து 1997-ல் பிறந்த ‘இ இங்க்’கை அந்த நிறுவனம் 2009-ல் விலைக்கு வாங்கி, அதன் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டது. காகிதக்காரர்களே காகிதத்துக்குப் போட்டியாளரை வளர்த்துவிட்டார்கள்!

கறுப்பு வெள்ளைத் திரையின் சூட்சுமம் எளிது. முடி கனத்தில் குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றொன்று கீழே போகும். பிறகு மின்சாரமே வேண்டாம், எழுத்து அப்படியே நிற்கும். செல்போன் மாதிரி பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதில்லை. அறை வெளிச்சம் பட்டுத் திரும்புவதைத்தான் கண் பார்க்கிறது. அதனால் நடுவெயிலிலும் படிக்கலாம்.

சிக்கலும் அங்கேதான். சொந்த வெளிச்சம் இல்லாத திரைக்கு நிறம் எங்கிருந்து வரும்?

முதல் வழி, கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி போடுவது. 2010-ல் வந்த ‘டிரைட்டன்’ அப்படித்தான். ஒவ்வொரு வடிகட்டியும் தன் நிறத்தை மட்டும் விட்டு, மற்ற வெளிச்சத்தை விழுங்கிவிடும். மிச்சம்? துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை நிறம். இன்றைய ‘கலெய்டோ 3’ எவ்வளவோ தேவலை. 4,096 நிறம் காட்டும். ஆனால் எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைத்தால், வண்ணப் படத்துக்கு 150தான். வடிகட்டியால் வெள்ளையும் சற்று மங்கும், எனவே முன்விளக்கைப் போட வேண்டிவரும்.

இரண்டாவது வழி உண்மையிலேயே அழகானது. வடிகட்டியே கிடையாது. வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நிறத் துகள்களும் ஒரே இடத்தில் மிதக்கும். அச்சக மை போலத்தான். வேண்டியதை மட்டும் மேலே வரவழைக்க, மின்னழுத்தத்தைக் கூட்டி, குறைத்து, திசை மாற்றி, ஒரு நாட்டியமே ஆடவைக்க வேண்டும். குளிர் அடித்தால் திரவம் கெட்டியாகும், ஆட்டம் தளரும். அதனால் வெப்பநிலையையும் கணக்கில் சேர்க்கிறார்கள். 2016-ல் அறிமுகமானபோது ஒரு படம் மாறப் பல விநாடிகள் ஆயின. 2022-ல் அறிவித்த ‘கேலரி 3’ திரையில் சிறந்த நிறத்துக்கு 1.5 விநாடி. பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். படக்கதை படிக்கும் பிள்ளை, பக்கத்துக்குப் பக்கம் திரை சிமிட்டுவதைப் பொறுக்குமா? வண்ணத் திரை அதிகம் வேண்டியது அந்தப் பிள்ளைக்குத்தான்.

இந்த ஓட்டத்தில் விழுந்தவர்களும் உண்டு. பக்கத்து தாவோயுவானின் லோங்டானில், பட்டாம்பூச்சி இறக்கையைப் பார்த்து வடிவமைத்த ‘மிராசோல்’ திரைக்காக குவால்காம் ஆலை கட்டியது. 2012-லேயே பெரிய அளவு உற்பத்தித் திட்டத்தைக் கைவிட்டது.

இப்போதைக்கு வண்ண மின்காகிதத்துக்கு நல்ல வாழ்வு கொடுத்திருப்பது கடை அலமாரியின் விலைச்சீட்டு. நிறம் மாற சில விநாடி ஆனாலும் அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஷின்ச்சு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெர்சிமன் காய்வதைப் பார்க்க அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் போவது நல்லது. கோயில் கடைகளில் அரிசிச் சேமியாவைப் பெரும்பாலும் பன்றி இறைச்சியோடுதான் வதக்குவார்கள். சைவம் வேண்டுமென்றால் ‘ஸு’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.