கடைமடைக்காரன் கணக்கு

பி.காம். படித்தவர்களுக்கு இந்தப் பாடம் ஞாபகம் இருக்கும். ஒரு கம்பெனியை இழுத்து மூடுகிறார்கள். கையில் மிச்சமிருக்கிற பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது, யாருக்குக் கடைசியில் கொடுப்பது? தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன், சரக்குக் கொடுத்தவர்களின் கடன், முன்னுரிமைப் பங்குதாரர் என்று ஒரு வரிசை உண்டு. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு ஏதாவது மிஞ்சினால், கடைசியில் கைநீட்டி நிற்கிற சாதாரணப் பங்குதாரருக்கு. மிஞ்சாவிட்டால் அவருக்கு ஒரு கும்பிடு.

எங்கள் காரைக்கால் பையன்களுக்கு இந்தப் பாடம் சட்டென்று புரிந்துவிடும். அந்தக் கடைசி ஆளை அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அவருக்குப் பெயர் கடைமடைக்காரர்.

வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாய்கிற வயல் தலைமடை. கடைசியில் பாய்கிற வயல் கடைமடை. காரைக்காலில் மொத்த ஊருமே கடைமடை. காவிரியிலிருந்து பிரிந்து கும்பகோணத்தைத் தொட்டு ஓடிவரும் அரசலாறு, எங்கள் கடற்கரையில்தான் கடலில் கலக்கிறது. எங்களுக்கு அப்பால் வங்காள விரிகுடா மட்டும்தான். அதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது.

சரி, இந்தத் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்று தீர்ப்பு எழுதுகிற இடம் எது தெரியுமா? நீங்கள் குடும்பத்தோடு போய், பூங்காவில் பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டுவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பிய இடம்தான். திருச்சிக்கு மேற்கே இருக்கிற முக்கொம்பு. மேலணை என்றும் சொல்வார்கள்.

அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்த அழகில் ஒரு வில்லங்கம் உண்டு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். காவிரியின் படுகையோ மேடு. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் வருஷத்துக்கு வருஷம் கூடுதலாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. காவிரித் தலைப்பு மணல் மேடிட்டது. கொள்ளிடத்தில் போனது கடலுக்குப் போனது. தஞ்சாவூர் வயல்கள் வாய் பிளந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலில் துண்டு விழ ஆரம்பித்தது. அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் கம்பெனிக்கு அக்கறை வந்தது என்று நான் சொன்னால், காமர்ஸ் படித்தவன் புத்தி அப்படித்தான் போகும் என்பீர்கள்.

ஆர்தர் காட்டன் என்ற இளம் இன்ஜினீயர் வந்தார். 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு தாழ்வான சுவரைக் கட்டினார். அதே கொள்ளிடத்தில் கீழே, அணைக்கரையில் இன்னொன்று. அதுதான் கீழணை. இந்த இரண்டுக்கும் பாடப் புத்தகம் எது? நம்ம கல்லணை. ஆற்று மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று காட்டனே எழுதி வைத்திருக்கிறார். குருதட்சிணை கொடுக்காவிட்டாலும் குருவின் பெயரையாவது சொன்னார்.

சுவர் வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது! காவிரிக்குள் தண்ணீர் பாய்ந்த வேகத்தில் அதன் படுகை அரிக்க ஆரம்பித்தது. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைத்தார்கள். காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்புச் சுவர் போட்டார்கள். மதகுக் கதவுகள் எல்லாம் பிற்பாடு வந்தவை. இந்தப் பக்கம் ஓரடி ஏற்றினால் அந்தப் பக்கம் ஒரு ஜில்லா பாதிக்கும். தராசு முள் மாதிரி ஓர் இடம் அது.

இதில் எங்கள் ஊர்க் கதை தனி. 1739-இலிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. நடுவில் சில தடவை ஆங்கிலேயர் பிடுங்கினாலும் மறுபடி அவர்களுக்கே போனது. 1954-இல்தான் இந்தியா கைக்கு வந்தது. ஆக, காட்டன் சுவர் எழுப்பியபோது சுவர் இங்கிலாந்துக்காரருடையது, அதன் தண்ணீரில் விளைந்த எங்கள் நெல் பிரெஞ்சுக்காரருடையது. பிரெஞ்சுக்காரர்கள் தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள், பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் கொடுத்தார்கள். ஆனால் முக்கொம்பு மதகின் சாவி அவர்கள் கையில் இருந்ததே இல்லை. கொடி மாறியது, கவர்னர் மாறினார். கடைமடை மாறவில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். புதுச்சேரியின் இன்னொரு துண்டான யானாம், கோதாவரி டெல்டாவில் கடலோரம் இருக்கிறது. அங்கேயும் மேலே தவளேஸ்வரத்தில் அணை கட்டியவர் இதே காட்டன்தான். 1852-இல் முடித்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டு ஆறுகளின் கடைசியிலும் ஊர் இருந்தது. இரண்டு ஆறுகளின் மேற்பக்கமும் ஒரே ஆங்கிலேயர் நின்றார்.

எங்கள் பெரியப்பாவுக்குத் திருநள்ளாறு பக்கம் ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதில் இரண்டே பத்தி. இடது பக்கம், மேட்டூர் திறந்த தேதி. வலது பக்கம், நம்ம வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி. நடுவில் எத்தனை நாள் என்று பென்சிலில் எழுதியிருப்பார். பற்று, வரவு, வித்தியாசம். காலேஜ் பக்கமே போகாதவர் போட்ட பேரேடு அது.

ஒரு கோடை விடுமுறையில் வேன் பிடித்து மொத்தக் குடும்பமும் முக்கொம்பு போனோம். பிள்ளைகள் பூங்காவுக்கு ஓடிவிட்டார்கள். பெண்கள் புளியோதரைத் தூக்கைத் திறந்தார்கள். பெரியப்பா மட்டும் பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடப் போன என்னிடம் கொள்ளிடத்தைக் காட்டினார்.

“அந்தாண்ட போறது கடலுக்குடா தம்பி. இந்தாண்ட போறதுலதான் நம்ம சோறு இருக்கு.”

“சாப்பிட வாங்க பெரியப்பா.”

“இரு, பாத்துக்கறேன். இவ்ளோ வருசமா இந்தச் சுவத்த நம்பித்தான வெதச்சிருக்கேன்.”

ஊர் சுற்றிப் பார்க்க வந்த அத்தனை பேரில், சுவரைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மேட்டூர் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. 2012-இலிருந்து 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் அந்தத் தேதி தவறியது. பெரியப்பாவின் நோட்டில் இடது பத்தியே தள்ளிப்போக ஆரம்பித்தது: ஆகஸ்ட், செப்டம்பர், 2017-இல் அக்டோபர் 2. குறுவையை அவர் மறந்தே போனார். அந்த 2017-இல்தான் ஒன்பது மாவில் நாலு மாவை விற்றார். இன்று அதில் மனைக்கல் நட்டிருக்கிறது.

அடுத்த வருஷம் காவிரியில் வெள்ளம். லட்சக்கணக்கான கன அடி கொள்ளிடத்தில் புரண்டு ஓடியது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பிற்பாடு புதிய கதவணை கட்டினார்கள். வேதனை என்னவென்றால், தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், வாய்க்காலுக்கு வரவில்லை என்று டெல்டாவின் கடைமடை விவசாயிகள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். டி.வி.யில் பார்த்த பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து அந்தத் தேதியை மட்டும் எழுதினார். வலது பத்தியில்.

காகிதத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு. 1991-இல் நடுவர் மன்றம் இடைக்காலமாக 6 டி.எம்.சி. என்றது. 2007-இல் இறுதித் தீர்ப்பில் 7 ஆனது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகவும் கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆகவும் மாற்றியபோதும் புதுச்சேரியின் 7-ஐத் தொடவில்லை. காவிரியின் மொத்தக் கணக்கு 740 டி.எம்.சி. நூற்றுக்கு ஒன்றுகூட வராத பங்கு. பரவாயில்லை, ஊரும் சின்னதுதான். ஆனால் சாதாரணப் பங்குதாரரின் பிரச்னையே வேறு. எத்தனை பங்கு என்பது சர்ட்டிஃபிகேட்டில் இருக்கும். எப்போது கைக்கு வரும் என்பது அதில் இருக்காது. நாற்று விட்டவனுக்குத் தேதி முக்கியம். நடவு முடிந்து இருபதாவது நாள் வரவேண்டிய தண்ணீர் ஐம்பதாவது நாள் வந்தால், அதை வரவில் எழுதலாம். வயிற்றில் எழுத முடியாது.

நீர்க் கட்டுமானங்களைச் சுற்றிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தபோது நானும் வாயைப் பிளந்தவன்தான். 115 அடி உயரத்தில், ஆற்றுக்கு மேலே ஒரு வாய்க்கால்! 1960-களில் காமராஜர் காலத்து முயற்சி. அங்கே ஒரு சௌகரியம் உண்டு. தொட்டியை எட்டிப் பார்த்தால் தண்ணீர் ஓடுகிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும். முக்கொம்பில் நிற்பவருக்குக் காரைக்கால் தெரியாது. சாலை வழியாகப் போனாலே 160 கிலோமீட்டருக்குக் குறையாது.

அதனால் ஒரு யோசனை. இந்த இடங்களில் யார் கட்டினார், எப்போது கட்டினார் என்று பலகை வைக்கிறோம். நல்லது. பக்கத்திலேயே இன்னொரு பலகை வைக்கலாம். இடது பக்கம், இன்று இங்கிருந்து காவிரியில் விட்ட தண்ணீர். வலது பக்கம், இன்று கடைமடைக்கு வந்து சேர்ந்த தண்ணீர். மேட்டூர் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. கொடுத்ததற்கு வவுச்சர் காட்டுகிறவர்கள் வாங்கியவனின் ரசீதையும் சேர்த்துக் காட்டினால்தானே கணக்கு டேலி ஆகும்? மீன் வறுவலோடு வருகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, “அப்பா, கடைமடைன்னா என்ன?” என்று கேட்டால் போதும். பாதி வேலை முடிந்தது.

பலகைக்குப் பெரிய செலவு ஆகாது. பெரியப்பாவின் நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மாதிரி வேண்டுமென்றால் தருகிறேன்.