அடுப்படியை நேசிக்கும் பிள்ளைக்கு

சமையலில் ஆர்வங்கொண்ட மகனுக்கு எந்தச் சமையல் நூலை வாங்கித் தரலாம் என ஒரு தாயார் என்னிடம் வினவினார். "ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று உறவினர் நகைக்கின்றனராம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள், புகாரியில் காணலாம். 1226-இல் அரபியில் சமையல் நூல் எழுதி முடித்த முஹம்மத் அல் பக்தாதியும் ஆண்மகனே!

அன்பு வாசகர்களே! வாங்குமுன் நூலைப் புரட்டிப் பாருங்கள். 'உப்பு தேவையான அளவு', 'பக்குவமாக இறக்கவும்' என்று மட்டும் இருப்பின், அது பழகிய கைகளுக்கே உரியது. எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம், எவ்விடத்தில் பெரியவர் உடனிருக்க வேண்டும் என்று உரைக்கும் நூலே பிள்ளைக்கு ஏற்றது. ஒயின், ஜெலட்டின் சேரும் குறிப்புகளை முன்னரே பார்த்து, ஹலால் பேணலை விளக்கிவிடுங்கள்.

1951-இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' புகழ்பெற்றது. ஆயின் அது சைவ உணவுக்கானது. நம் வீட்டு நோன்புக் கஞ்சியின் பக்குவமோ உம்மும்மாவின் கையில் இருக்கிறது. ஆகவே, நூலோடு ஒரு வெற்று நோட்டும் வாங்கிக் கொடுங்கள். அவரது 'ஒரு கைப்பிடி' எவ்வளவு என்பதைப் பேரப்பிள்ளை நிறுத்துப் பார்த்து எழுதட்டும். அக்கை ஓய்ந்தபின் எவரிடம் கேட்போம்?