"ஃபுல் வொரண்டி மிஸ்!"

 

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். ஹட்டனில் ஏறி, டிக்கோயா, நோர்வூட் தாண்டி பாடசாலைக்குப் போவது ஒரே காரில். கார் எங்கள் சயன்ஸ் மிஸ்ஸுடையது. பெற்றோல் காசைப் பகிர்ந்து கொள்வோம். லீசிங் மட்டும் அவவுடைய தலையில்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய காருக்கும் பொன் விலை. மிஸ் வாங்கியது அப்போதுதான். விற்ற இடத்தில் மேலதிகமாகக் காசு வாங்கிக்கொண்டு இரண்டு வருட வொரண்டித் தாளும் கொடுத்தார்கள். "ஃபுல் வொரண்டி மிஸ், ஒன்டுக்கும் பயப்படாதீங்க" என்றார் விற்றவர். நாங்களும் பக்கத்தில்தான் நின்றோம். ஒருவரும் அந்தத் தாளை வாசிக்கவில்லை.

எட்டாம் மாதம், ஒரு மழைக் காலை. ஏற்றத்தில் என்ஜின் இரைகிறது, கார் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. போன் எடுத்தால், "அது தேயிற சாமான் மிஸ், வொரண்டியில வராது" என்றார்கள். மகளின் ஏ.எல். வகுப்புக்கு வைத்திருந்த சீட்டுக் காசு கராஜுக்குப் போனது.

அடுத்த நாள் இடைவேளையில், சிவப்புப் பேனாவோடு அந்தத் தாளை வாசித்தோம். பிறகு விசாரித்தும் அறிந்தோம். புரிந்தது இதுதான்:

1. கம்பனி வொரண்டி: புதுக் காரோடு வருவது. இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீற்றர், எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. ரெக்கண்டிஷன் காருக்கு இது பெரும்பாலும் தொடர்ந்து வராது.

2. பவர்ட்ரெயின்: என்ஜின், கியர்பொக்ஸ், சில்லைச் சுழற்றும் பாகங்கள் மட்டும். ஏசி பழுதானால் நம்முடைய காசு.

3. பட்டியல் வொரண்டி: தாளில் பெயர் உள்ள பாகங்களுக்கு மட்டும். மிஸ்ஸின் தாள் இதுதான்.

4. பம்பர் டு பம்பர்: விலக்கியவை தவிர மற்ற எல்லாம். இதில் விலக்குப் பட்டியலைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர் போன்ற தேயும் சாமான்கள் பெரும்பாலும் எதிலும் வராது. நம் மலைநாட்டில் முதலில் தேய்வதே கிளட்சும் பிரேக்கும்தான்! ஆகவே அந்தச் செலவுக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். ஹைபிரிட் என்றால் பெட்டரி சேருமா என்று கேளுங்கள். விபத்துக்கு இன்ஷுரன்ஸ், வொரண்டி பழுதுக்குத்தான்.

இன்னும் கேளுங்கள்: வொரண்டி தருவது யார்? ஒரு தடவைக்கு உச்சத் தொகை எவ்வளவு? வேலைக்கூலி சேருமா? எந்த கராஜில் திருத்த வேண்டும்? அங்கே இழுத்துப் போகும் செலவு யாருக்கு? சேர்விஸ் தவறினால் வொரண்டி போய்விடுமா? சேர்விஸ் பில்களைப் பத்திரமாக வையுங்கள். எழுதிக் கொடுத்த வொரண்டியை மதிக்காவிட்டால், தாமதிக்காமல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வாயால் சொன்ன "ஃபுல் வொரண்டி"யை எப்படி நிரூபிப்பது?

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. எழுதியதை வாசிக்காமல் விட்டது எங்கள் பிழை.

அந்தக் கிளட்ச் தேய்ந்தது நான்கு பேரையும் சுமந்துதான். செலவை நாலாகப் பிரித்தோம். மிஸ் முதலில் மறுத்தா. பிறகு, "அப்ப அடுத்த தாள நாலு பேரும் வாசிச்சிட்டுத்தான் நான் சைன் வைப்பன்" என்றா.

கார் எடுக்கப் போகும் யாராவது இருந்தால் பகிர்ந்து விடுங்கள்.