குருதியால் ஓர் ஓவியம்

2022 ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில், சென்னையிற் கல்வி பயின்றுவந்த எம் மகனிடமிருந்து பாம்பூஃப்ளாட்டிலுள்ள எம் இல்லத்திற்கு ஒரு பொதி வந்தது. பிரித்தோம். அவன் அன்னையின் உருவம்! மூக்குத்தியுங்கூட வழுவாமல் வரையப்பட்டிருந்தது. வண்ணம் மட்டும் செம்மண் போன்றிருந்தது. “அம்மா, இஃது என் இரத்தத்தால் எழுதுவித்தது” என்றது உடன் வந்த கடிதம்.

எம் இல்லாள் அதனைச் சுவரில் மாட்ட இசைந்தாளில்லை. அன்றிரவு உறங்கினாளுமில்லை.

உடற்பொருளைக் கலைக்கு ஆக்குதல் புதுமையன்று. இத்தீவுகளின் ஆதிக்குடிகள் மாண்ட உறவினரின் எலும்புகளைக் கோத்து அணிந்தமையை, ராட்கிளிஃப் பிரௌன் 1922 இல் வெளியிட்ட நூலிற் காணலாம். சென்னைக் கலைஞர் ஷிஹான் ஹுசைனி, 2013 இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் சிலையை உறைந்த குருதியால் ஆக்கினார். முன்னது இறந்தோர் நினைவு. பின்னதோ உயிருள்ளோர் நாளத்தினின்றும் எடுத்தது.

எம் மகன் செய்வித்ததோ கடைச்சரக்கு. ஒரே ஊசி பலர்க்குப் பயன்படின் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் பரவக்கூடும். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களிலேயே தமிழக அரசு குருதி ஓவியக் கூடங்களுக்குத் தடை விதித்தது. செய்தி கேட்டு நாம் நடுங்கினோம். மகனைச் சோதனை செய்துகொள்ளச் சொன்னோம். குறையேதும் இல்லையென்று அறிந்த பின்னரே உணவு இறங்கிற்று.

பொங்கலுக்கு அவன் வந்தான். அதற்குள் ஓவியம் பழுப்பேறியிருந்தது. குருதியிலுள்ள இரும்பின் இயல்பு அது. வாடிய முகத்துடன் நின்ற மகனிடம் அன்னை, அதுகாறும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்: “நீ பிறந்த அன்று எனக்கு உதிரம் நிற்கவில்லை. படகிற் கொண்டு சென்றனர். முகமறியாத ஒருவர் அளித்த குருதியால் நான் பிழைத்தேன். அவர் என் படத்தை எழுதவில்லை. என்னையே உனக்குத் தந்தார்.”

மறுநாள் தாயும் மகனும் சாத்தம் துறைக்குப் படகேறினர். பதினெட்டு நிறைந்த நலமுள்ள ஆடவர் மூன்று திங்களுக்கொரு முறை குருதி வழங்கலாம். அவன் 350 மில்லிலிட்டர் வழங்கி மீண்டான்.

ஓவியம் எம் பெட்டகத்தில் துணி சுற்றிக் கிடக்கின்றது. எறிய மனம் வரவில்லை, பிள்ளையின் அன்பன்றோ? ஆயின், தொலைவில் மக்களை விட்டிருக்கும் பெற்றோரே, அன்பைக் காட்ட ஊசி வேண்டாமென்றும், உயிரைக் காக்க ஊசிக்கு அஞ்ச வேண்டாமென்றும் அவர்கட்கு ஒருவரி எழுதுங்கள்.